தீயணைப்புத் தலைமை அலுவலர்களும் அவர்களின் தேசியச் சங்கங்களும்: நீலகிரியிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில்கள்

தீயணைப்புப் பணியில் உயர்பொறுப்புக்கு வருகிறவர்கள் எப்படி உருவாகிறார்கள், அவர்கள் சேர்ந்து நடத்தும் தேசியச் சங்கங்களால் என்ன பயன் என்று உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், மஞ்சூர் பகுதி அன்பர்கள் கேட்டிருக்கிறார்கள். ஒரே பொருளைக் குறித்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். நிலைய அலுவலராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையிலும், பிற நாடுகளில் இத்துறை வளர்ந்த வரலாற்றைத் தொடர்ந்து படித்துவருகிறவன் என்ற முறையிலும் பதில் எழுதுகிறேன்.

கோத்தகிரியிலிருந்து ஓர் ஆசிரியர்: தீயணைப்புத் தலைவர்களுக்கு எதற்காகத் தனியாக ஒரு தேசியச் சங்கம்? அது எப்போது, எங்கே தொடங்கியது?

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1872 நவம்பர் 9 அன்று மூண்ட பெருந்தீயில்தான் அதன் வேர் இருக்கிறது. ஏறத்தாழ 65 ஏக்கர் பரப்பில் 776 கட்டடங்கள் எரிந்துபோயின. அப்போது அந்நகரத்துத் தீயணைப்புத் தலைவராக இருந்தவர் ஜான் டேம்ரெல். அந்த வணிகப் பகுதியில் பூமிக்கடியில் செல்லும் நீர்க்குழாய்கள் மிகச் சிறியவை, உயரமான கட்டடங்களின் மரக்கூரை வரை தண்ணீர் எட்டாது என்று அவர் முன்கூட்டியே எச்சரித்துப் பணம் கேட்டிருந்தார். நகர நிர்வாகம் தரவில்லை. போதாக்குறைக்கு, அந்த இலையுதிர்காலத்தில் குதிரைகளுக்குப் பரவிய காய்ச்சலால், நீராவி எந்திரங்களை மனிதர்களே தெருத்தெருவாக இழுத்துச் செல்ல வேண்டியிருந்தது.

மறு ஆண்டு, 1873 அக்டோபரில், பால்டிமோர் நகரில் பல ஊர்த் தீயணைப்புத் தலைவர்கள் கூடித் தேசியத் தீயணைப்புப் பொறியாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். டேம்ரெலே அதன் முதல் தலைவரானார். இன்று பன்னாட்டுத் தீயணைப்புத் தலைவர்கள் சங்கம் என்று அறியப்படுவது அதுதான். தன் ஊர் கேட்கவில்லையென்றால் எல்லா ஊர்களையும் சேர்த்துக்கொண்டு கேட்போம் என்று புறப்பட்ட மனிதராகவே டேம்ரெலை நான் பார்க்கிறேன். ஒருவர் பட்டறிந்ததை மற்றவர்களும் பயன்படுத்தும்படி எழுதி வைத்துப் பகிர்வதுதான் இத்தகைய சங்கங்களின் உயிர் என்பது என் உறுதியான எண்ணம். மாநாடு, பதக்கம், பதவியேற்பு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆனால் பகிர்ந்தால் மட்டும் போதாது, ஊர்கள் அதை ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். 1904 பிப்ரவரியில் அதே பால்டிமோரில் 1,500க்கும் மேற்பட்ட கட்டடங்களை அழித்த தீயின்போது, வாஷிங்டனிலிருந்தும் பிலடெல்பியாவிலிருந்தும் ஓடிவந்த குழுக்களின் குழாய் முனைகள் பால்டிமோரின் நீர்முனைகளில் பொருந்தவில்லை. உதவ வந்தவர்கள் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் எடுக்க முடியாமல் தவித்தார்கள்.

இது நமக்குத் தொலைதூரக் கதையன்று. நம் தீயணைப்பு வண்டியின் குழாயில் இருப்பது 63 மி.மீ. இணைப்பு, ஆண் முனையைப் பெண் முனைக்குள் அழுத்திச் செருகினால் இரு பக்கமும் உள்ள வில்கொக்கிகள் பிடித்துக்கொள்ளும், அவற்றை இழுத்தால் விடுபடும். எஸ்டேட் பம்ப்செட்டுகளின் வாயோ பெரும்பாலும் மரை போட்டது. இரண்டையும் நேரடியாகச் சேர்க்க முடியாது. தொட்டி நிறையத் தண்ணீர் வைத்திருக்கும் ஒவ்வோர் எஸ்டேட்டும், இடையில் மாட்டும் ஓர் அடாப்டரை வாங்கிப் பம்ப் அறையிலேயே தொங்கவிட்டிருப்பது நல்லது.

உதகையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: அமெரிக்காவில் ஒருவர் தலைமைப் பதவிக்கு வரும் வழி என்ன? நேரடியாக நியமிக்கிறார்களா?

பெரும்பாலும் அடிமட்டத்திலிருந்துதான் வருகிறார்கள். தீயணைப்பு வீரர், வண்டியும் பம்பும் இயக்குபவர், லெப்டினன்ட் அல்லது கேப்டன், பல நிலையங்களை மேற்பார்க்கும் பட்டாலியன் தலைவர், துணைத் தலைவர், தலைவர் என்று படிகள் உண்டு. ஊருக்கு ஊர் பெயர்கள் சற்று மாறும். வேறு ஊரிலிருந்து தேர்ந்தெடுத்து அழைத்துக்கொள்வதும் சாதாரணம். அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களில் பெரும்பான்மையோர் ஊதியமில்லாத தன்னார்வலர்கள் என்பதால், சிற்றூர்களில் தலைவரும் அப்படியே பணியாற்றுவதுண்டு.

அனுபவத்தோடு படிப்பும் வேண்டும் என்ற எண்ணம் அங்கே வலுத்தது 1970களுக்குப் பிறகுதான். மேரிலாந்து மாநிலத்தின் எம்மிட்ஸ்பர்க்கில் உள்ள தேசியத் தீயணைப்பு அகாடமி 1985இல் உயர் அலுவலர்களுக்கான பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. அதில் சேருகிறவர் தம் ஊரின் உண்மையான சிக்கல் ஒன்றை எடுத்து, ஆராய்ந்து, அறிக்கை எழுத வேண்டும். விரிவுரை கேட்டுச் சான்றிதழ் வாங்குவதைவிட இது பல மடங்கு மேலான முறை என்பேன்.

இரு வாழ்க்கைகளைப் பாருங்கள். ஆலன் புரூனாசினி 1958இல் பீனிக்ஸ் நகரத் தீயணைப்புத் துறையில் வீரராகச் சேர்ந்து, 1978 முதல் 2006 வரை அதன் தலைவராக இருந்தார். சம்பவ இடத்தில் கட்டளை யார் கையில், யார் எங்கே நிற்கிறார், யார் உள்ளே போயிருக்கிறார் என்பதை ஒழுங்குபடுத்தும் முறைகளை வகுத்து, நாடு முழுவதும் கற்றுக்கொடுத்தார். டேவிட் பாலிசன் தெற்கு புளோரிடாவில் மீட்புப் பணி வீரராகத் தொடங்கி, மயாமி-டேட் பகுதியின் தீயணைப்புத் தலைவராகி, பன்னாட்டுச் சங்கத்தின் தலைவராகவும் இருந்து, 2001இல் நாட்டின் தீயணைப்பு நிர்வாகியானார். கத்ரீனா புயலுக்குப் பின் 2005இல் மத்திய பேரிடர் மேலாண்மை நிறுவனத்தைச் சீர்ப்படுத்தும் பொறுப்பும் அவரிடம்தான் வந்தது. குழாய் பிடித்த கை நாட்டின் பேரிடர் நிர்வாகம் வரை போக முடிந்தது அந்த அமைப்பின் சிறப்பு.

அதே மாணவர்: சங்கத் தலைவர் எத்தனை ஆண்டு பதவியில் இருப்பார்?

ஓராண்டு. இரண்டாம் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்படுகிறவர், முதல் துணைத் தலைவராகி, அடுத்துத் தலைவராகிறார். தலைமை ஏற்கும் முன்னரே சங்கத்தின் வேலைகள் அத்தனையும் கைக்குப் பழகிவிடும்.

கூடலூரிலிருந்து பட்டப்படிப்பு முடித்த ஒருவர்: நம் தமிழ்நாட்டில் இந்த வழி எப்படி இருக்கிறது, ஐயா?

தம்பி, இங்கே வாசல்கள் வெவ்வேறு. தீயணைப்பு வீரர் பணிக்கும் நிலைய அலுவலர் பணிக்கும் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் ஆள் எடுக்கிறது. மாவட்ட அலுவலர் பணி அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 1 தேர்வில் அடங்கும். அதற்கு மேல் துணை இயக்குநர், இணை இயக்குநர் என்று படிகள் செல்கின்றன. இயக்குநர் பொறுப்பில் இந்தியக் காவல் பணியின் மூத்த அதிகாரி ஒருவர் இருப்பதே வழக்கம்.

நாக்பூரில் உள்ள தேசியத் தீயணைப்புப் பணிக் கல்லூரி, மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் 1956இல் தொடங்கப்பட்டது. தீயணைப்புப் பொறியியலில் பட்டப்படிப்பும், பணியில் இருப்பவர்களுக்கான பயிற்சிகளும் அங்கே உண்டு. தேர்வு எழுதி நேரே மாவட்ட அலுவலராக வருகிறவர் யாராக இருந்தாலும், முதல் சில மாதங்களை நிலையத்தில் வீரர்களோடு இரவுப் பணி பார்த்தே கழிக்க வேண்டும் என்பது என் கருத்து. ஹோஸைத் தோளில் சுமந்து தேயிலைச் சரிவில் ஏறிப் பார்த்தவருக்குத்தான், ஒரு கட்டளையை நிறைவேற்ற எத்தனை நிமிடம் ஆகும் என்பது தெரியும்.

குன்னூரிலிருந்து ஒரு தாய்: என் மகள் இந்தப் பணிக்குப் போக ஆசைப்படுகிறாள். பெண்கள் உயர்பொறுப்பு வரை வர முடியுமா?

வந்திருக்கிறார்கள், அம்மா. மீனாட்சி விஜயகுமார், பிரியா ரவிச்சந்திரன் இருவரும் 2003இல் தமிழ்நாடு தீயணைப்புத் துறையில் அதிகாரிகளாகச் சேர்ந்தவர்கள். இந்தியாவிலேயே இப்பொறுப்புக்கு வந்த முதல் பெண்களின் வரிசையில் இருப்பவர்கள். 2012 ஜனவரியில் சென்னைச் சேப்பாக்கம் எழிலகம் வளாகத்தில் நேர்ந்த தீயில், உள்ளே நின்று பணியாற்றிய பிரியா ரவிச்சந்திரன் கடுமையான தீக்காயம் அடைந்தார். உடன் சென்ற வீரர் அன்பழகன் உயிரிழந்தார். பிரியா குணமாகிப் பணிக்குத் திரும்பினார், பின்னாளில் இந்திய ஆட்சிப் பணிக்கும் உயர்த்தப்பட்டார். நாக்பூர் கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் பெண் ஹர்ஷினி கான்ஹேகர். இலண்டனில் 1988இல் வீராங்கனையாகச் சேர்ந்த டேனி காட்டன், 2017இல் அந்நகரத் தீயணைப்புப் படையின் தலைமைக்கு வந்தார். அதே ஆண்டு ஜூனில் 72 பேர் உயிரிழந்த கிரென்ஃபெல் அடுக்குமாடித் தீ நேர்ந்தது.

உங்கள் மகளை இப்போதே ஓட்டத்துக்கும் கயிறு ஏறவும் பழக்குங்கள். மலைப் பிள்ளைகளுக்கு மூச்சுப் பலம் இயல்பாகவே கைவரும். தோள் பலத்துக்குத்தான் தனியாகப் பயிற்சி வேண்டும்.

மஞ்சூர்ப் பக்கத்திலிருந்து ஓர் எஸ்டேட் மேற்பார்வையாளர்: இந்தச் சங்கங்கள் உருவாக்கிய முறைகளால் எங்களைப் போன்ற மலை ஊர்களுக்கு என்ன பலன்?

மிக முக்கியமான கேள்வி இதுதான். 1970இல் கலிபோர்னியாவில் தொடர்ச்சியாகப் பற்றிய காட்டுத்தீயில் 16 பேர் இறந்தார்கள். பல துறைகள் ஒரே இடத்தில் வேலை செய்தும் வானொலி அலைவரிசைகள் ஒத்துப்போகவில்லை, கட்டளைச் சொற்கள் ஒத்துப்போகவில்லை, யார் யாருக்குக் கீழே என்பதும் தெளிவாக இல்லை. அந்தத் துன்பத்திலிருந்துதான் சம்பவக் கட்டளை முறை பிறந்தது: ஓரிடத்தில் ஒரே பொறுப்பாளர், ஒருவரின் நேரடிக் கட்டளையில் ஏறத்தாழ ஐந்து பேர், எல்லாத் துறைக்கும் ஒரே சொற்கள். இந்தியாவில் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010இல் இதே அடிப்படையில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

நம் மலையில் இதன் தேவையை அடிக்கடி பார்க்கிறோம். 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் காட்டேரி அருகே நஞ்சப்பசத்திரத்தில் இராணுவ ஹெலிகாப்டர் விழுந்தபோது, தீயணைப்பு வண்டி அந்த இடம் வரை செல்லப் பாதை இல்லை. குடங்களில் தண்ணீர் சுமந்தார்கள், ஊர் மக்கள் கம்பளிகளையும் போர்வைகளையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். 2024 மார்ச்சில் குன்னூர் அருகே காடு எரிந்தபோது, சூலூரிலிருந்து வந்த விமானப்படை ஹெலிகாப்டர், வாளி போன்ற பெரிய தொங்கு பையில் தண்ணீர் மொண்டு ஊற்றியது. ஊர் மக்கள், வனத்துறை, தீயணைப்புத் துறை, வருவாய்த் துறை, விமானப்படை என்று இத்தனை பேர் ஒரு சரிவில் நிற்கும்போது, யார் சொல்லை யார் கேட்பது என்பதை அங்கே போய்த் தீர்மானிக்கக் கூடாது.

எஸ்டேட்டில் நீங்கள் செய்யக்கூடியதும் உண்டு. டிசம்பர், ஜனவரி உறைபனியில் கருகிய புல் பிப்ரவரி வெயிலில் பஞ்சாகக் காய்ந்துவிடும். கற்பூர மரத்து உதிரிலையும் சீகைச் சுள்ளியும் உண்ணிச்செடியும் அதோடு சேர்ந்தால் ஒரு பீடித் துண்டு போதும். பொங்கலுக்குள், தொழிலாளர்கள் வாழும் லயன் வீடுகளைச் சுற்றியும் எஸ்டேட் எல்லையிலும் தரை தெரியும்படி செதுக்கிவிடுங்கள். வண்டி எந்த வளைவு வரை வரும், அதற்கு மேல் எத்தனை நீளம் ஹோஸ் வேண்டும் என்பதை நிலைய அலுவலரை அழைத்துக் காட்டுங்கள்.

உதகையிலிருந்து ஓய்வுபெற்ற அரசு ஊழியர்: இந்தியாவில் இப்படி ஒரு தேசிய அமைப்பு உண்டா?

உண்டு, ஆனால் தன்மை வேறு. 1955இல் உள்துறை அமைச்சகத்தின் கீழ் தீயணைப்புக்கான நிலை ஆலோசனைக் குழு அமைக்கப்பட்டது. நாக்பூர் கல்லூரி அதைத் தொடர்ந்து வந்ததே. அரசியலமைப்பின் 12ஆம் அட்டவணையில் தீயணைப்பு நகராட்சிகளின் பணிகளுள் ஒன்றாக இருப்பதால், சட்டமும் அமைப்பும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. தமிழ்நாட்டின் தீயணைப்புப் பணிச் சட்டம் 1985ஆம் ஆண்டினது. அரசுக்கு ஆலோசனை கூறும் குழு அவசியமே. ஆயினும் பணியில் உள்ள அலுவலர்கள் தமக்குள் மனம் திறந்து பேசிக்கொள்ளும் மேடை அதனினும் வேறானது. பிரிட்டனில் 2017இல் உருவான தேசியத் தீயணைப்புத் தலைவர்கள் மன்றம் இரண்டையும் ஓரளவு சேர்த்துச் செய்ய முயல்கிறது. நமக்கும் அத்தகைய ஒன்று வலுவாக அமைய வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

யார் முடிவெடுப்பது என்பதை முன்கூட்டியே பேசி வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் நாம் அனுசரிக்கும் தீத்தொண்டு வாரமே சான்று. 1944இல் அதே நாளில் பம்பாய்த் துறைமுகத்தில் நின்ற ஃபோர்ட் ஸ்டிகின் கப்பலில் வெடிபொருளும் பஞ்சும் ஒன்றாக ஏற்றப்பட்டிருந்தன. புகை தெரிந்த பிறகும் கப்பலை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் அதிகாரம் ஒருவர் கையில் இல்லாமல் நேரம் கழிந்தது. வெடித்தபோது 66 தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள்.

மலைப்பகுதி நிலையம் ஒன்றில் பணியில் இருக்கும் இளம் அலுவலர்: பிற்காலத்தில் நல்ல தலைமை அலுவலராக விரும்பும் நான் இன்று எதைத் தொடங்கலாம்?

எழுதத் தொடங்குங்கள். பன்னாட்டுச் சங்கம் 2005இல், உயிர்ச்சேதம் நூலிழையில் தவறிய நிகழ்வுகளை வீரர்கள் பெயர் சொல்லாமல் தெரிவிக்கும் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. விமானத்துறையில் நெடுங்காலமாக உள்ள முறையைப் பார்த்துச் செய்தது. தண்டனை பயம் இல்லாததால் உண்மை வெளியே வந்தது, ஒரு நிலையம் தப்பித்த கதை நூறு நிலையங்களுக்குப் பாடமாயிற்று.

தாங்கள் இதை நிலைய அளவில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் செய்யலாம். ஒவ்வோர் அழைப்புக்குப் பிறகும் வீரர்களைச் சுற்றி உட்காரவைத்து, இளையவரை முதலில் பேசவிடுங்கள். மூத்தவர் பேசிவிட்டால் மற்றவர்கள் ஆமாம் போட்டுவிடுவார்கள். எந்தத் தடுப்பணையில் கோடையிலும் உறிஞ்சு குழாய் மூழ்கும் ஆழம் இருக்கிறது, எந்த ஹட்டியில் (படுகர் ஊரில்) வண்டி திரும்ப இடமில்லை, மூடுபனியில் எந்த வளைவில் ஆள் இறங்கி முன்னே நடக்க வேண்டும், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியபோது எந்தச் சாலைகள் முதலில் துண்டிக்கப்பட்டன என்பதையெல்லாம் தேதியோடு குறித்துவையுங்கள். மாறுதல் வரும்போது அந்த நோட்டை வீட்டுக்கு எடுத்துச் செல்லாமல், அடுத்து வருகிறவரை அதே வண்டியில் ஏற்றி, எழுதியுள்ள இடங்களை ஒருமுறை நேரில் காட்டிவிட்டு ஒப்படையுங்கள்.