பட்டியல் எழுதும்போதே

அன்புள்ள ஐயா,

முள்ளிவாய்க்கால் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. இனப்படுகொலையைத் தடுப்போம் என்று 1948-லேயே ஒப்பந்தம் போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகும் ருவாண்டா நடந்தது, போஸ்னியாவில் முஸ்லிம்களைக் கொன்று குவித்த ஸ்ரெப்ரெனிட்சா நடந்தது, நம் கண்ணெதிரே 2009 நடந்தது. ஐ.நா. எதற்கு இருக்கிறது? தடுப்பு, எச்சரிக்கை எல்லாம் வெறும் பேச்சுதானே? மே மாதம் எங்கள் வாசிப்பு வட்டம் காசிமேட்டில் நினைவுக் கூட்டம் வைத்திருக்கிறது. நீங்கள் வந்து பேச வேண்டும்.

ம., தண்டையார்பேட்டை

அன்புள்ள ம.,

உங்கள் கோபத்தில் தப்பில்லை. ஆனால் வெட்டு விழ ஆரம்பித்த பிறகு யார் ஓடிவந்தார்கள் என்று மட்டும் கணக்குப் பார்க்கிறீர்கள். அந்த நேரத்தில் பெரும்பாலும் யாரும் வந்ததில்லை. தடுக்கக்கூடிய காலம் அதற்கு முன்னால், ஆபீஸ் மேஜைகளில், சத்தமில்லாமல் கழிந்துவிடுகிறது.

ருவாண்டாவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹூட்டு இனமா, டூட்சி இனமா என்று அடையாள அட்டையில் எழுதும் பழக்கம் பெல்ஜியக்காரன் ஆட்சியில் வந்தது. 1994-ல் சாலைத் தடுப்புகளில் அந்த அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்துத்தான் டூட்சிகளைக் கொன்றார்கள். அந்த வருடம் ஜனவரி 11 அன்றே ஐ.நா. படைத் தளபதி டலேர் நியூயார்க்குக்குத் தந்தி அடித்தார்: தலைநகர் கிகாலியில் டூட்சிகளின் பட்டியல் எடுக்கிறார்கள், ஆயுதம் பதுக்கியிருக்கிறார்கள், போய்ப் பறிமுதல் செய்யப் போகிறேன். வேண்டாம் என்று பதில் வந்தது. ஏப்ரலில் கொலைகள் தொடங்கின. அதே மாதம் 21-ம் தேதி, இருந்த படையையும் சுமார் 270 பேராகக் குறைக்கப் பாதுகாப்பு சபை தீர்மானம் போட்டது. தகவல் போய்ச் சேரவில்லை என்று இதில் யாரும் தப்பிக்க முடியாது.

நம் கதையும் அதுதான். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்த கும்பல்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. 2008 செப்டம்பரில் ஐ.நா. ஊழியர்கள் கிளிநொச்சியை விட்டுக் கிளம்பினார்கள். தங்கள் அமைப்பே தவறிவிட்டது என்று 2012-ல் ஐ.நா.வின் உள் அறிக்கையே ஒப்புக்கொண்டது. அந்த ஒப்புதலை வைத்துக்கொண்டு வன்னியில் இருந்தவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்காதீர்கள். எனக்கும் அதே கேள்விதான்.

வியாசர்பாடியில் எங்கள் தெருவில் ரங்கூனிலிருந்து வந்த பாட்டி ஒருவர் இருக்கிறார். அவர் அப்பாவின் பதிவுப் புத்தகத்தை பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறார். போட்டோ, கைரேகை, வருடா வருடம் பணம் கட்டிய முத்திரைகள். பிறந்த ஊர் ரங்கூன் என்று ஒரு வரி, அதே பக்கத்தில் 'அந்நியர்' என்று இன்னொரு வரி. 1962-ல் பர்மாவில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964-ல் கடைகள் அரசுடைமை ஆயின, குடும்பம் கப்பலேறியது. இதை இனப்படுகொலை என்று சொல்லிவிடாதீர்கள், அது தப்பு. இது துரத்தல். ஆனால் அதே நாடு 1982-ல் கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் ரோஹிங்கியா முஸ்லிம்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 2017-ல் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். நடுவில் முப்பத்தைந்து வருடம் இருந்தது. செகண்ட் லைன் பீச்சில் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் தின்கிற நம் பிள்ளைகளுக்கு, அந்தக் கடைகள் எப்படி அங்கே முளைத்தன என்று யாராவது சொல்லியிருக்கிறோமா?

சட்டம் முழுக்கப் பல்லில்லாததும் அல்ல. ஸ்ரெப்ரெனிட்சா வழக்கில் சர்வதேச நீதிமன்றம் 2007-ல், கொலையைச் செய்தது செர்பிய அரசு என்று தீர்ப்பளிக்கவில்லை. தடுக்கக்கூடிய இடத்தில் இருந்தும் தடுக்கவில்லை, அது ஒப்பந்த மீறல் என்றது. கடுமையான ஆபத்து இருப்பது தெரிந்த, அல்லது தெரிந்திருக்க வேண்டிய அந்தக் கணமே கடமை தொடங்கிவிடுகிறது என்றும் சொன்னது. எனக்கு மிகப் பிடித்த வாதம் அது. நஷ்டஈடு கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

'வெறும் பேச்சு' என்றீர்கள். 2018-ல் பிள்ளை பிடிப்பவன் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பி, நமக்கு வடக்கே பழவேற்காட்டில் ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். 2023 மார்ச்சில் இங்கே பீகார் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. இந்த முறை போலீஸ் இந்தியிலேயே மறுப்பு வெளியிட்டது, வழக்குப் போட்டது. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துவிட்டுப் போனது. வதந்தி அடங்கியது. அதற்காக யாரும் நினைவுக் கூட்டம் போடவில்லை, போடவும் மாட்டார்கள். தடுப்பு வேலை பெரும்பாலும் இப்படிச் சுவாரஸ்யமில்லாமல்தான் இருக்கும்.

கூட்டத்துக்கு வருகிறேன். ஆனால் என்னைப் பத்து நிமிடத்தோடு நிறுத்திவிட்டு, புழல் காவாங்கரை இலங்கை அகதி முகாமிலிருந்து ஒருவரைப் பேசச் சொல்லுங்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் அங்கே அகதி என்றே பதிவாகியிருக்கிறார்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கைத் தமிழர் சேர்க்கப்படவில்லை. வெளியே வர அவர்கள் அனுமதி வாங்க வேண்டியிருக்கலாம், அதனால் இந்த வாரமே போய்ப் பேசிவிடுங்கள்.