மீட்டரை விட்டுப் போத்தலின் அடியைப் பாருங்கள்

கேள்வி: உப்புவெளியில் இருக்கிறோம். கிணறு உவர் என்பதால் 19 லீற்றர் போத்தல் தண்ணீர்தான் வாங்குகிறோம். கடைக்காரர் வாசலில் வெயிலில் அடுக்கி வைத்திருக்கிறார். ஹோர்மோனைக் குழப்பும் இரசாயனம் தண்ணீரில் இறங்கும் என்கிறார்களே? மகள் பிள்ளைத்தாய்ச்சி. என் டீடிஎஸ் மீட்டர் 40 காட்டுகிறது. அது போதுமா?

பதில்: போதாது அம்மா. தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று பார்த்து உப்பைக் கணக்கிடுவதுதான் அந்த மீட்டரின் வேலை. நீங்கள் சொல்லும் பிளாஸ்டிக் இரசாயனங்களான பிஸ்பினோல் ஏ, தலேட் எல்லாம் அதற்குத் தெரியாது. அவை இருப்பதும் லீற்றருக்கு மைக்ரோகிராம் கணக்கில், அதாவது கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

முதலில் போத்தலைக் கவிழ்த்துப் பாருங்கள். முக்கோணத்துக்குள் 1 என்றிருந்தால் அது பெட் என்ற பிளாஸ்டிக், பிஸ்பினோலில் செய்வதல்ல. 7 என்றிருந்து, கண்ணாடிபோலக் கெட்டியாகவும் இருந்தால் பொலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்காக இருக்கலாம். அது பிஸ்பினோல் ஏ-யிலிருந்தே வருவது; சூட்டில் கசிவு கூடும். பெட்டும் முழுச் சுத்தம் என்று சொல்லமாட்டேன். வெயிலில் கிடந்தால் அதிலிருந்து அண்டிமனி என்ற உலோகப் பொருள் இறங்கும். ஜெர்மனியில் 2009இல் வெளிவந்த ஆய்வொன்றில், ஈஸ்ட் வைத்துச் சோதித்த 20 மினரல் வாட்டரில் 12, ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹோர்மோன் போன்ற செயற்பாட்டைக் காட்டின. எந்த இரசாயனத்தால் என்று அந்தச் சோதனை சொல்லாது. பெயரும் அளவும் வேண்டுமென்றால் இரசாயனங்களை இனங்கண்டு அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் கருவி உள்ள ஆய்வுகூடத்துக்குத்தான் போகவேண்டும்.

அங்கே விலையைக் கேட்கமுதல், எவ்வளவு குறைந்த அளவுவரை பிடிப்பீர்கள் என்று கேளுங்கள். குடிநீரில் பிஸ்பினோல் ஏ-க்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லை லீற்றருக்கு 2.5 மைக்ரோகிராம். டிஈஎச்பி என்ற தலேட்டுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது 8. பத்துக்குக் கீழே பிடிக்காத கருவி "இல்லை" என்று அறிக்கை தந்தால் அதை நம்பி என்ன பயன்?

மாதிரியை ஆய்வுகூடம் தரும் பழுப்புக் கண்ணாடிப் போத்தலில்தான் எடுக்கவேண்டும். பிளாஸ்டிக் புனல் கூடாது. கையில் கிரீமும் கூடாது. நானே ஒருமுறை அப்படி ஒரு மாதிரியைக் கெடுத்திருக்கிறேன். அவர்களுடைய சுத்த நீர் நிரப்பிய இன்னொரு போத்தலையும் கேட்டு வாங்கி, இரண்டையும் ஐஸ் பெட்டியில் வைத்து இரவு பஸ்ஸில் கொழும்புக்கு அனுப்பலாம். அந்தச் சுத்த நீரிலும் தலேட் வந்தால், குற்றம் உங்கள் தண்ணீரில் இல்லை.

இவ்வளவு செலவழித்தாலும் கிடைப்பது அந்த ஒரு போத்தலின் கதைதான். நானென்றால் அந்தக் காசுக்கு வீட்டில் ஒரு எவர்சில்வர் குடம் வாங்குவேன். கந்தளாயிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் உங்கள் பக்கம் கிடைத்தால், கொதிக்கவைத்து அதில் ஊற்றி வையுங்கள். கொதிக்கவைத்தால் கிருமிதான் சாகும், பிஸ்பினோல் போகாது. ஆகவே போத்தல் தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பதால் இந்தப் பிரச்சினை தீராது. போத்தல்தான் வேண்டுமென்றால் 1 போட்டதாக, கடைக்குள்ளே நிழலில் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.