ஓவியர் வான்கோ ஏன் 'உருளைக்கிழங்கு சாப்பிடுறவங்க'ங்கிற படத்த அவ்ளோ இருட்டா வரைஞ்சாரு?

வேணும்னேதாங்க. 1885ல நெதர்லாந்துல நியூனன் கிராமத்துல இருந்தப்போ வரைஞ்சது, அதுக்கு முன்னாடி மாசக்கணக்கா அந்த ஊரு விவசாயிங்க முகம், கைன்னு தனித்தனியா வரைஞ்சு பழகிட்டே இருந்தாரு. ஒரே ஒரு விளக்கு, அஞ்சு பேரு, நடுவுல ஆவி பறக்குற கிழங்கு, ஒரு அம்மா காபி ஊத்துறாங்க. அந்தக் கைகள கொஞ்சம் ஜூம் பண்ணி பாருங்க, எலும்பு புடைச்சு முண்டும் முடிச்சுமா இருக்கும், ஏன்னா மண்ணத் தோண்டின அதே கைதான் இப்போ தட்டுக்குள்ள போகுது, நேர்மையா உழைச்சு சம்பாதிச்ச சாப்பாடுன்னு காட்டத்தான் வரைஞ்சேன்னு தம்பி தியோவுக்கு லெட்டர்லயே எழுதிருக்காரு. கலர் கூட தோல் உரிக்காத, மண்ணு ஒட்டின கிழங்கு கலர்தான். இதோட அச்சுப் பிரதிய பாத்துட்டு நண்பர் வான் ராப்பார்ட் கடுமையா திட்டி எழுதினாரு, ஆனா எனக்கு சூரியகாந்தி படங்கள விட இதுதான் பெருசு.