வாசகர் கேள்வி – பதில்: பெருவெடிப்பைச் சொன்ன பாதிரியார்

கேள்வி: மாணிக்கவாசகர் திருவண்டப் பகுதியில் ‘அண்டப் பகுதியின் உண்டைப் பிறக்கம்’ என்று தொடங்கி, அவை ‘நூற்றொரு கோடியின் மேற்பட விரிந்தன’ என்று பாடுகிறார். பெருவெடிப்புக் கொள்கையை அடிகள் அன்றே கண்டுவிட்டார் என்று எங்கள் ஊரில் ஒரு சொற்பொழிவாளர் பேசினார். கடவுள் உண்டு என்பதற்கு அறிவியலே தரும் சான்றாக இதை எடுத்துக்கொள்ளலாமா? (ஒரு வாசகர், சிதம்பரம்)

பதில்: எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதே என் துணிபு. திருவாசகத்தை நாள்தோறும் ஓதுகிறவன் என்ற முறையிலேயே இதைச் சொல்கிறேன். தாங்கள் குறிப்பிட்ட வரியோடு நின்றுவிடாமல் அடுத்த அடிகளையும் படித்துப் பாருங்கள். ‘இல்நுழை கதிரின் துன்னணுப் புரையச் சிறியவாகப் பெரியோன்’ என்று அந்தத் தொடர் முடிகிறது. கோடிக்கு மேற்பட்ட அண்டக் கோளங்கள் அத்தனையும், வீட்டுக்குள் நுழையும் வெயில் கீற்றில் மிதக்கும் தூசியைப் போலச் சிறியனவாகத் தோன்றுமளவுக்கு இறைவன் பெரியவன் என்பது அதன் பொருள். அண்டத்தின் வரலாற்றைக் கணித்துச் சொல்வது அடிகளின் நோக்கமாக இருக்கவில்லை. அவ்வளவு பெரிய அண்டமும் அவன் முன்னே எவ்வளவு சிறிது என்ற வியப்பே பாட்டு முழுவதும் நிரம்பி நிற்கிறது. அண்டம் ஒரு காலத்தில் மிக அடர்ந்தும் மிகச் சூடாகவும் இருந்து, விரிய விரியக் குளிர்ந்தது என்பதும், தொலைவு கூடக் கூட விண்மீன் திரள்கள் நம்மைவிட்டு விலகும் வேகமும் கூடுகிறது என்பதும்தான் பெருவெடிப்புக் கொள்கையின் சாரம். இவை திருவாசகத்தில் இல்லை. இல்லாததனால் திருவாசகத்துக்கு ஒரு குறையும் இல்லை.

தங்கள் கேள்வியின் பின்பாதி இதைவிட முக்கியமானது. பெருவெடிப்பைக் கடவுளுக்குச் சான்றாக்கலாமா என்ற இதே கேள்வியை, அக்கொள்கையை முதலில் முன்வைத்தவரே எதிர்கொள்ள நேர்ந்தது. அவர் பெயர் ஜார்ஜ் லெமெத்ர். பெல்ஜியத்தில் 1894-இல் பிறந்து, முதல் உலகப் போரில் பீரங்கிப் படையில் பணியாற்றி, 1923-இல் கத்தோலிக்கப் பாதிரியாராகத் திருநிலைப்படுத்தப்பட்டவர். கேம்பிரிட்ஜில் வானியலாளர் எடிங்டனிடம் பயின்ற அவர், அண்டம் விரிகிறது என்று 1927-இல் ஒரு கட்டுரையில் காட்டினார். அதே ஆண்டு பிரசல்ஸில் அவரைச் சந்தித்த ஐன்ஸ்டைன், கணக்கில் பிழையில்லை, ஆனால் இயற்பியல் சகிக்க முடியவில்லை என்ற பொருளில் பதில் சொன்னார். விண்மீன் திரள்கள் விலகுவதைக் காட்டிய, அமெரிக்க வானியலாளர் ஹபிளின் அளவீடுகள் வெளியானது 1929-இல்தான். 1931-இல் ‘நேச்சர்’ இதழுக்கு எழுதிய சிறு கடிதத்தில், அண்டம் முழுவதும் ஒரேயொரு ஆதி அணுவிலிருந்து தொடங்கியிருக்கலாம் என்று லெமெத்ர் மேலும் ஓர் அடி எடுத்து வைத்தார். அந்தக் கடிதத்தின் தட்டச்சுப் பிரதியில், கடவுள் மறைந்திருப்பவர் என்று நம்புகிறவர்கள், படைப்பை மறைக்கும் திரை ஒன்றை இன்றைய இயற்பியல் தருவதைக் கண்டு மகிழலாம் என்ற கருத்தில் ஒரு கடைசிப் பத்தி இருந்தது. அனுப்புவதற்கு முன் அதை அவர் அடித்துவிட்டார். நம்பிக்கை குறைந்ததால் செய்த செயலன்று அது. வாழ்நாளின் இறுதிவரை அவர் பாதிரியாராகவே இருந்தார். ஆயினும் இயற்பியல் இதழில் அந்தப் பத்திக்கு இடமில்லை என்று தீர்மானித்தார்.

இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, 1951 நவம்பர் 22 அன்று, போப் பன்னிரண்டாம் பயஸ் வத்திக்கானின் அறிவியல் கழகத்தில் ஆற்றிய உரையில், ‘ஒளி உண்டாகுக’ என்ற படைப்புக் கணத்துக்கே இன்றைய அறிவியல் சாட்சியாகிவிட்டது போலப் பேசினார். நம்பிக்கையாளர்கள் மகிழ்ந்தனர், அக்கழகத்தின் உறுப்பினரான லெமெத்ர் கலங்கினார். அவர் கலக்கத்துக்கு வலுவான காரணங்கள் இருந்தன. வானியலாளர் ஃபிரெட் ஹாயிலும் தோழர்களும் 1948-இல் முன்வைத்த, தொடக்கமே இல்லாத நிலைத்த அண்டம் என்ற போட்டிக் கொள்கை அப்போது வலுவாக நின்றது. ஹபிளின் அளவுகளைக் கொண்டு கணித்தால் அண்டத்தின் வயது ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகள் என்று வந்தது. பூமியின் பாறைகளோ அதைவிட மூத்தவையாக இருந்தன. அத்தனை ஓட்டை உள்ள ஒரு கணக்கின் மேல் திருச்சபை தன் நம்பிக்கையைக் கட்டினால், கணக்கு சரியும் நாளில் நம்பிக்கையும் சேர்ந்து சரியும் அல்லவா? லெமெத்ரும் போப்பின் அறிவியல் ஆலோசகரும் இதை எடுத்துரைத்தனர். 1952 செப்டம்பரில் ரோமில் கூடிய வானியலாளர்களிடம் பேசியபோது போப் அந்த வாதத்தைத் திரும்பச் சொல்லவில்லை. அதே ரோம் மாநாட்டில்தான் வால்டர் பாடே, விண்மீன் திரள்களின் தொலைவுகள் ஏறத்தாழ பாதியாகக் குறைத்து மதிப்பிடப்பட்டிருந்தன என்று அறிவிக்க, அண்டத்தின் வயது ஒரே நாளில் இரட்டிப்பாயிற்று. இன்றைய மதிப்பீடு ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள்.

தம் கொள்கை எந்தச் சமயக் கேள்விக்குள்ளும் நுழையவில்லை என்றும், கடவுளை மறுப்பவர் தொடர்ந்து மறுக்க அது இடம் தருகிறது என்றும் 1958-இல் லெமெத்ர் வெளிப்படையாகச் சொன்னார். பெருவெடிப்பின் எச்சமான நுண்ணலைக் கதிர்வீச்சு கண்டறியப்பட்ட செய்தி, 1966-இல் அவர் இறப்பதற்குச் சற்று முன் அவரை எட்டியது. தம் கொள்கை மெய்ப்பட்டதை அறிந்த பின்னும் அதைக் கடவுளுக்கான சான்றாக அவர் மாற்றிக்கொள்ளவில்லை. தங்கள் ஊர்ச் சொற்பொழிவாளரிடம் வாய்ப்புக் கிடைத்தால் இந்தப் பாதிரியாரைப் பற்றிச் சொல்லுங்கள்.

கேள்வி: அறிவியல் விளக்க முடியாமல் நிற்கும் இடங்கள் பல இருக்கின்றன. முதல் உயிர் எப்படித் தோன்றியது என்பது இன்னும் தெரியவில்லை. அந்த இடத்திலாவது கடவுளை ஒப்புக்கொள்ள வேண்டாமா? (ஓர் ஆசிரியை, பாளையங்கோட்டை)

பதில்: தங்களுக்கு முன் நியூட்டனே இப்படி நினைத்தார் என்பதால், இந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். கோள்கள் ஒன்றையொன்று ஈர்ப்பதால் அவற்றின் பாதைகளில் சிறு பிறழ்ச்சிகள் சேர்ந்துகொண்டே போகும், ஒரு கட்டத்தில் கடவுள் அவற்றைச் சீர்செய்ய வேண்டியிருக்கும் என்று அவர் தம் ஒளியியல் நூலின் பிற்பதிப்புகளில் எழுதினார். வியாழன் மெல்ல வேகம் கூடுவதும் சனி மெல்லத் தாமதிப்பதும் அன்று உண்மையாகவே வானியலாளர்களைக் குழப்பிக்கொண்டிருந்தன. அடிக்கடி பழுதுபார்க்க வேண்டிய கடிகாரத்தைச் செய்தவராகவா கடவுளைக் காட்டுவது என்று ஜெர்மானியத் தத்துவ அறிஞர் லைப்னிட்ஸ் 1715-இல் கடிந்துகொண்டார். நம்பிக்கையாளர் ஒருவருக்கு இன்னொரு நம்பிக்கையாளர் எழுப்பிய தடை அது.

1780-களில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாப்லாஸ் விடை கண்டார். வியாழன் ஐந்து முறை சூரியனைச் சுற்றும் காலமும் சனி இரண்டு முறை சுற்றும் காலமும் ஏறக்குறைய 59 ஆண்டுகளாக ஒத்துவருகின்றன. இதனால் ஒன்றின் ஈர்ப்பு மற்றொன்றின் மேல் ஒரே முறையில் திரும்பத் திரும்பச் செயல்பட்டு, ஏறத்தாழ 900 ஆண்டுகளில் கூடிக் குறையும் ஓர் அலைவை உண்டாக்குகிறது. நியூட்டன் கடவுளுக்கென ஒதுக்கிய அந்த வேலை அத்தோடு இல்லாமற்போயிற்று. கோள்களின் ஒழுங்கு என்றென்றைக்கும் உறுதியானதன்று என்று நம் காலத்துக் கணினிக் கணிப்புகள் காட்டியிருக்கின்றன. அதற்காக யாரும் நியூட்டனின் விடைக்குத் திரும்பவில்லை. முதல் உயிரின் தோற்றம் நாளையே விளங்கலாம், நூறாண்டு கழித்தும் விளங்காமல் இருக்கலாம். தங்கள் நம்பிக்கை அந்த ஆய்வகங்களின் முடிவுக்காக ஏன் காத்திருக்க வேண்டும்?

கேள்வி: நாமக்கல் நாமகிரித் தாயாரே கனவில் வந்து சூத்திரங்களைத் தந்ததாக ராமானுஜன் சொல்லியிருக்கிறார். பகுத்தறிவாளர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்? (ஒரு கல்லூரி மாணவர், கும்பகோணம்)

பதில்: பகுத்தறிவாளர்களைக் கேட்பதைவிட, ராமானுஜனோடு நெருங்கிப் பணியாற்றிய ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஹார்டியைக் கேட்பது பொருத்தம். கடவுள் நம்பிக்கை சிறிதும் இல்லாதவர் அவர். ராமானுஜனின் பக்தி ஆசார அளவிலானதே, அறிவார்ந்த நம்பிக்கையன்று என்ற பொருளில் அவர் எழுதியதை நம்மவர்களில் பலர் ஏற்கவில்லை, நானும் அதை முழுதாக ஏற்கவில்லை. ஆனால் கணக்கைப் பொறுத்தவரை அவர் நடந்துகொண்ட முறை மிக நேர்மையானது. 1913-இல் வந்த கடிதத்தைப் பார்த்த ஹார்டி, சூத்திரம் எங்கிருந்து வந்தது என்று ஆராயாமல் நிறுவல் எங்கே என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார்.

நிறுவல் கேட்டது வீண்பிடிவாதம் அன்று. பகா எண்களின் பரவலைப் பற்றி ராமானுஜன் மிக உறுதியாகச் சொன்ன முடிவுகளில் சில தவறாக இருந்தன. சிக்கலெண் சார்புகளின் கோட்பாட்டை அவர் அப்போது அறிந்திருக்கவில்லை. ஒரு முழு எண்ணை எத்தனை விதமாகக் கூட்டுத்தொகையாகப் பிரிக்கலாம் என்பதற்கு அவரும் ஹார்டியும் சேர்ந்து கண்ட சூத்திரமோ வியக்கத்தக்க அளவு சரியாக இருந்தது. 200 என்ற எண்ணை 39,72,99,90,29,388 விதமாகப் பிரிக்கலாம் என்று கணிதவியலாளர் மேக்மஹோன் கையால் கணக்கிட்ட விடையோடு அது பொருந்திவந்தது. 1920 ஜனவரியில், மரணத்துக்குச் சில மாதங்களே இருந்தபோது, ராமானுஜன் எழுதி அனுப்பிய ‘போலித் தீட்டா சார்புகள்’ என்ற புதுவகைக் கணிதச் சார்புகளின் உட்பொருள் 2002-இல்தான் ஸ்வேகர்ஸ் என்ற டச்சுக் கணிதவியலாளரின் ஆய்வால் தெளிவாயிற்று. தவறானதும் சரியானதும் ஒரே மனத்திலிருந்து, ஒரே உறுதியோடு வந்தவை. எது எதுவென்று பிரித்துக் காட்டியது நிறுவல்.

ஆகவே, தாயார் அருளினார் என்று ராமானுஜன் சொன்னதை அவருடைய அகவாழ்வின் உண்மையாக மதித்துக் கேளுங்கள். அந்தப் பக்தி அவருக்கு என்ன தந்தது என்பதை வெளியில் நின்று அளக்க யாருக்கும் உரிமையில்லை. சூத்திரம் சரியா என்ற கேள்விக்கு மட்டும், நாமக்கல்லுக்கு ஒருநாளும் போயிராத, எந்தத் தெய்வத்தையும் வணங்காத ஒருவரும் சரிபார்க்கக்கூடிய விடை வேண்டும். அந்தத் தேர்விலும் ராமானுஜன் பெரும்பாலும் வென்றார் என்பதுதான் நமக்குப் பெருமை.

கேள்வி: உண்மையான விஞ்ஞானி நாத்திகராகத்தான் இருக்க முடியும் என்கிறான் என் மகன். சரியா? (ஒரு வாசகி, யாழ்ப்பாணம்)

பதில்: சரியன்று. மின்காந்த விசையும் வலுக்குறைந்த அணுக்கரு விசையும் ஒன்றின் இரு வடிவங்களே என்று தனித்தனியாகக் கண்ட அப்துஸ் சலாமும் ஸ்டீவன் வைன்பெர்க்கும் 1979-இல் கிளாஷோவுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். சலாம் தொழுகை தவறாதவர். நோபல் விருந்து உரையில் குர்ஆன் வசனத்தை ஓதியவர். வைன்பெர்க் வெளிப்படையான நாத்திகர். சமன்பாடுகளோ ஒன்றே, ஜெனீவா ஆய்வகத்தில் அவற்றுக்குக் கிடைத்த சான்றும் ஒன்றே. அப்படியே, சலாம் நம்பினார் என்பதைக் கடவுளுக்குச் சான்றாக மகனிடம் காட்டிவிடாதீர்கள். நோபல் பரிசு பெற்ற வானியற்பியலாளர் சந்திரசேகர் நாத்திகர்தானே என்று தங்கள் மகனும் திருப்பிக் கேட்பார்.

கேள்வி: ராக்கெட் ஏவுவதற்கு முன் அதன் மாதிரியைத் திருப்பதிக்குக் கொண்டுபோய் வைத்து வழிபடுகிறார்கள். விஞ்ஞானிகள் இப்படிச் செய்யலாமா? (ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: பல ஆண்டு உழைப்பு சில நிமிடங்களில் கடலில் விழக்கூடும் என்ற நிலையில் நிற்பவர் தம் தெய்வத்தின் முன் கைகூப்புவதில் நான் குறை காணமாட்டேன். எஸ்எல்வி-3 ராக்கெட்டின் முதல் பயணம் 1979 ஆகஸ்ட் 10 அன்று தோல்வியில் முடிந்தபோது, ஆய்வுக் குழுவினர் இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு சரியாக மூடாமல் அமிலம் கசிந்ததைக் கண்டுபிடித்தனர்; பழுது திருத்தப்பட்டு, 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை அடைந்தது. வழிபாடு எப்படி நடந்தது என்று அந்தக் குழு கேட்கவில்லை. அந்த ஒழுக்கம் கெடாதவரை வழிபாட்டால் அறிவியலுக்குத் தீங்கில்லை.

ஆனால் ஒரு வேறுபாட்டை வலியுறுத்துவேன். விஞ்ஞானி தம் செலவில், தம் விடுப்பில் கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ மசூதிக்கோ போவது அவர் உரிமை. நிறுவனத்தின் பெயரால், பதவியின் முறையில், ஒரு சமயத்தின் சடங்கை நடத்துவது வேறு. அந்த நிறுவனத்தில் எல்லாச் சமயத்தவரும் எந்தச் சமயமும் சாராதவரும் பணிபுரிகிறார்கள். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று அரசியலமைப்புச் சட்டத்தில் 1976-இல் சேர்க்கப்பட்ட 51ஏ பிரிவும் சொல்கிறது. தாங்கள் குறிப்பிடும் வழிபாடு இவ்விரண்டில் எந்த வகையில் நடக்கிறது என்பதைப் பொறுத்தே என் விடையும் அமையும்: முன்னது என்றால் தாராளமாகச் செய்யலாம், பின்னது என்றால் செய்யாதிருப்பதே முறை.