கேட்ட வரம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

கோவையில் நாங்கள் ஐந்து பேர் ஞாயிறுதோறும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம், ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை சொல்லி ஆடும் மேசை விளையாட்டு. மூன்று வருடமாக ஒரே கதை. கதையை நடத்தித் தீர்ப்பு சொல்லும் டிஎம் நான்தான். போன மாதம் என் நண்பன் ஆடும் மந்திரவாதிப் பாத்திரம் 17-ஆம் லெவலுக்கு வந்து, கேட்டதைக் கொடுக்கும் விஷ் மந்திரத்தை எடுத்தது. முதல் விஷ்ஷே “என் தங்கையைக் கொன்ற லிச் இனி இல்லாமல் போகட்டும்” என்பதுதான். (லிச் என்றால் செத்தும் சாகாமல் திரியும் மந்திரவாதி, எங்கள் கதையின் வில்லன்.) எங்களிடம் இருப்பது 2014 பதிப்பு விதிப் புத்தகம். அதில் இருக்கும் உதாரணத்தின்படி அவனை லிச் செத்துப்போன எதிர்காலத்துக்குத் தூக்கிப் போட்டேன். அங்கே அவன் கூட்டாளிகளும் செத்திருந்தார்கள். புத்தகத்தை மூடிவிட்டுப் போனவன் இரண்டு வாரமாக வரவில்லை. இதைப் பார்த்த இன்னொரு நண்பன் தன் விஷ்ஷை ஒரு பக்கத்துக்கு எழுதிக்கொண்டு வந்துவிட்டான்: “எனக்கோ என்னைச் சார்ந்தவர்களுக்கோ எவ்விதப் பாதகமும் இன்றி, இதே காலத்தில், இதே இடத்தில்...” விஷ்ஷைத் தடை செய்துவிடலாமா? நாங்களே வைத்துக்கொள்ள நல்ல ஹவுஸ் ரூல் இருக்கிறதா? ஆளை நகலெடுக்கும் சிமுலாக்ரம் மந்திரத்தால் நகல் மேல் நகல் குவியும் தொல்லையை எப்படிச் சமாளிப்பது? அப்புறம், தமிழில் ஆடுவதைச் சிலர் கேலி செய்கிறார்கள். உங்கள் கருத்து?

கே.

அன்புள்ள தம்பி,

விளையாட்டு பற்றிய கடிதங்களுக்கு நான் சாதாரணமாக இங்கே பதில் எழுதுவதில்லை. உங்கள் இரண்டாவது நண்பர் கொண்டுவந்த அந்த ஒரு பக்கக் காகிதம்தான் என்னை உட்கார வைத்தது. கொஞ்ச நாளாக அப்பாவின் பழைய நகல் கட்டுகளைப் பிரித்து வெயிலில் போட்டுக்கொண்டிருக்கிறேன். அப்பா பத்திர எழுத்தர். ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு எதிரே ஓட்டுத் தாழ்வாரத்தில், சாய்வு மேசைக்குப் பின்னால், நீலமை படிந்த விரல்களோடு உட்கார்ந்திருப்பார். பள்ளி விட்டு வந்து நான் பக்கத்தில் இருந்து வாசிப்பேன். “யாதொரு வில்லங்கமும் இல்லை. பின்னிட்டு வில்லங்கம் ஏதும் ஏற்பட்டால் நானே முன்னின்று தீர்த்துக் கொடுக்கக் கடவேன். மாமூல் வண்டிப்பாதையில் ஆள், கால்நடை, ஏர் கலப்பை சகிதம் போக வர பாத்தியதையும்...”

கலப்பை எதற்கப்பா, ஆள் போனால் அதுவும் கூடப் போகாதா என்று கேட்டேன். யாரோ ஒருத்தன், ஆளுக்குத்தான் பாதை, கலப்பைக்கு இல்லை என்று வரப்பில் நின்று மறித்திருக்கிறான், அதற்குப் பிறகு சேர்த்தது என்றார். அப்படி ஒவ்வொரு வரிக்கும் அவரிடம் ஒரு தகராறு இருந்தது. கிணற்றுத் தண்ணீருக்கு ஒன்று, எல்லையில் நின்ற புளியமரத்துக்கு ஒன்று. பத்திரம் நீண்டுகொண்டே போவதற்கு எழுத்தரின் ஆசை காரணமில்லை. முன்னால் எவனோ ஏமாந்திருக்கிறான்.

உங்கள் மேசையிலும் நடந்தது இதுதான். முதல் ஆள் ஒரே வரியில் மனம் திறந்து கேட்டார். நீங்கள் வரப்பில் நின்று மறித்தீர்கள். அடுத்த ஆள் பத்திரத்தோடு வந்தார். இனி நீங்கள் அதில் ஓட்டை தேடுவீர்கள், அவர் அடுத்த முறை இரண்டு பக்கம் எழுதுவார். மூன்று வருடம் டிராகன்களோடு சண்டை போட்டது இதற்குத்தானா?

புத்தகத்தில் இருக்கிறது என்கிறீர்கள். இருக்கிறது. வில்லன் சாகட்டும் என்று கேட்டால் அவன் இல்லாத எதிர்காலத்துக்கு நீ போய்விழலாம் என்று போட்டிருக்கிறது. “விழலாம்” என்றுதான் போட்டிருக்கிறது, தம்பி. முடிவை டிஎம்மிடம் விட்டிருக்கிறார்கள். கையில் சுதந்திரத்தைக் கொடுத்தபோது இருப்பதிலேயே குரூரமான உதாரணத்தை அப்படியே எடுத்துப் போட்டது நீங்கள்தான்.

இந்த ஆட்டத்துக்கு விஷ் எப்போதுமே வயிற்றுவலிதான். எழுபதுகளின் முதல் அட்வான்ஸ்டு பதிப்பில் பெரிதாகக் கேட்ட மந்திரவாதி வலுவிழந்து இரண்டிலிருந்து எட்டு நாள் வரை படுக்கையில் கிடக்க வேண்டும். 1989-இன் இரண்டாம் பதிப்பில் ஒரு விஷ்ஷுக்கு ஐந்து வயது கூடும். 2000-இல் அனுபவப் புள்ளிகளில் 5,000 கழித்தார்கள், வட்டிக்கடை மாதிரி. 2008-இன் நான்காம் பதிப்பில் ஆட்டக்காரர் கையேட்டிலிருந்தே தூக்கிவிட்டார்கள். 2014-இல் திரும்பி வந்தபோது, எட்டாம் லெவல் வரையிலான எந்த மந்திரத்தையும் விஷ்ஷால் அப்படியே போட்டுக்கொள்ளலாம், ஆபத்தில்லை. அதைத் தாண்டி எதையாவது கேட்டால் உடம்பு நோகும், வலுவுக்கான எண் மூன்றுக்கு இறங்கும், இனி ஒருபோதும் விஷ் போடவே முடியாமல் போக 33 சதவீதம் வாய்ப்பு என்று வைத்தார்கள். விலைகளில் எனக்குப் பிடித்தது இதுதான், சூதாட்டத்தின் பயம் இருக்கிறது. ஆனால் அதனாலேயே பெரும்பாலான ஆட்டக்காரர்கள் பெரிதாக எதையும் கேட்பதில்லை. உலகத்தையே மாற்றக்கூடிய மந்திரத்தை வைத்துக்கொண்டு, ஏற்கெனவே இருக்கும் மந்திரங்களை நகலெடுக்கிறார்கள். உங்கள் நண்பர் அந்த 33 சதவீதத்தைத் துணிந்து ஏற்றுத்தான் தங்கைக்காகக் கேட்டிருக்கிறார். விலையை அவர் கொடுத்துவிட்டார். அதற்கு மேல் நீங்கள் இன்னொரு தடவை வசூலித்திருக்கிறீர்கள்.

வரத்தைத் திருகிக் கொடுப்பதுதான் மரபு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1902-இல் டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் எழுதிய குரங்குப் பாதக் கதையைக் காட்டுவார்கள். நல்ல கதைதான். ஆனால் அதில் வரம் கேட்டுச் சீரழிகிறவர் காகிதத்தில் இருக்கிறார். உங்கள் ஆள் எதிர் நாற்காலியில், டீ கிளாஸோடு உட்கார்ந்திருந்தார். அலாவுதீனின் விளக்குப் பூதம் ஒரு சொல்லையும் திருகியதில்லை, மூன்றுதான் என்று கணக்கும் வைத்ததில்லை. ராட்சதப் பறவையின் முட்டையைக் கொண்டுவந்து கூரையில் தொங்கவிடச் சொன்னபோது மட்டும் கோபப்பட்டு முகத்துக்கு நேரே மறுத்தது. தொல்லையெல்லாம் விளக்கு யார் கையில் இருக்கிறது என்பதில்தான்.

நம் கதைகளில் தசரதன் கைகேயி கேட்டதைத் திருகவில்லை. கெஞ்சினான், அழுதான், கொடுத்தான். இரணியன் பெரிய பத்திரமே எழுதிக்கொண்டு போனான்: மனிதனாலும் மிருகத்தாலும் கூடாது, பகலிலும் இரவிலும் கூடாது, உள்ளேயும் வெளியேயும் கூடாது. பிரம்மா ஒரு வரியையும் அடிக்காமல் கையெழுத்துப் போட்டார். நரசிம்மம் ஓட்டை கண்டுபிடித்து வந்ததே என்பீர்கள். வந்தது, ஆனால் கொடுத்தவர் வேறு, வந்தவர் வேறு. நடுவில் பிரகலாதன் பிறந்து வளர்ந்து அப்பாவோடு மல்லுக்கு நிற்கும் அளவுக்குக் காலம் ஓடியிருக்கிறது. (கும்பகர்ணனைச் சொல்லி மடக்காதீர்கள். நாக்கு புரண்டது கேட்பதற்கு முன்னால். கேட்ட தூக்கம் குறையில்லாமல் கிடைத்தது.)

டிஎம் நாற்காலியில் பிரம்மாவும் நீங்கள், நரசிம்மமும் நீங்கள். சிக்கல் அங்கேதான். இரண்டு வேஷத்தையும் ஒரே நிமிடத்தில் போடாதீர்கள். லிச் இல்லாமல் போகட்டும் என்றால், போய்விட்டது. அன்றைக்கு மேசையில் எல்லோரும் கத்தட்டும், அவர் அழுதால் அழட்டும். அடுத்த வாரம் கதையைத் தொடங்குங்கள். லிச் எழுப்பி வைத்திருந்த பிணங்களுக்கு இப்போது எஜமான் இல்லை, அவை என்ன செய்யும்? லிச்சுக்குப் பயந்து எல்லைக்கு அப்பால் அடங்கிக் கிடந்த அரசன் படை திரட்டுவானா? லிச்சின் கோபுரத்தில் இருக்கும் புத்தகங்களுக்காக யார் யார் கிளம்புவார்கள்? கேட்டது முழுசாகக் கிடைத்துவிட்டது. தங்கை மட்டும் திரும்பி வரவில்லை, ஏனென்றால் அவர் அதைக் கேட்கவில்லை. இதை வைத்தே நீங்கள் இன்னும் ஒரு வருடம் ஆடலாம்.

எதற்கும் அடங்காத பெரிய விஷ்ஷாக இருந்தால், ‘உலகத்துக்கே நான் கடவுளாக வேண்டும்’ என்ற ரகமாக இருந்தால், ஆட்டத்தை நிறுத்திவிட்டு, “இதைக் கொடுத்தால் கதை முடிந்துவிடும், வேறு கேள்” என்று நேராகச் சொல்லுங்கள். பூதம் மறுத்த மாதிரி. மறுப்பதில் தப்பில்லை. கொடுப்பது போலக் காட்டிப் பிடுங்குவதுதான் எனக்கு ஆகாது.

இன்னொன்று. இவ்வளவு நீளமாகக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். லிச் தெரிகிறது, லெவல் தெரிகிறது, எந்த வருடத்துப் புத்தகம் என்று தெரிகிறது. அந்தத் தங்கைக்குப் பெயர் என்ன? மூன்று வருடக் கதையில் அவளுக்குப் பெயர் இல்லாமலா இருந்திருக்கும்?

சரி, மற்றதெல்லாம். தடை செய்யலாம், ஆனால் அதை 17-ஆம் லெவலுக்கு முன்னால் சொல்ல வேண்டும். பந்தியில் உட்கார வைத்துவிட்டு இலையை எடுக்கக் கூடாது. ஹவுஸ் ரூல் என்னிடம் இல்லை. சிமுலாக்ரத்துக்கு 2024 பதிப்பைப் பாருங்கள். அந்த நகல் மறுபடி சிமுலாக்ரம் போட முடியாது என்று எழுதிவிட்டார்கள், அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் ஆடுவதற்கு யாரைக் கேட்க வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் நண்பர் வீட்டுக்குப் போங்கள். வாட்ஸப்பில் செய்தி அனுப்பி முடித்துவிடாதீர்கள். அந்த எதிர்காலக் காட்சியை அழித்துவிட்டோம், லிச் செத்தது செத்ததுதான் என்று சொல்லுங்கள். அவர் கொஞ்சம் பிகு செய்வார். செய்யட்டும்.

அன்புடன்,
அக்கா