கார்ல கல்லடி பட்ட எடம், கழுவுறது, பாலிஷ்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

ஞாயித்துக்கெழம, மதியம் சாப்பாடு வரைக்கும் இங்கதான் இருப்பேன். டிங்கரிங் பட்டறைல பட்டி பாத்து பெயின்ட் அடிச்சு பழகுன கை, இப்ப கிருஷ்ணகிரில டீடெயிலிங், அதாவது காரை கழுவி பாலிஷ் போடுறது மட்டும் பண்றேன். எஞ்சின், மைலேஜ், எந்த கார் வாங்கலாம், இதெல்லாம் எங்கிட்ட கேக்காதீங்க.

அண்ணே, ஓசூர்ல இருந்து. பெங்களூர்ல செகண்ட் ஹேண்ட்ல 2010 ஆடி டிடி எடுத்தேன், செவப்பு. தொப்பூர் கணவாய்ல ஜல்லி லாரிக்கு பின்னாடி மாட்டிக்கிட்டேன், பானட்ல ஏழெட்டு புள்ளி விழுந்துருச்சு. வீட்லயே சரி பண்ணலாமா?

பண்ணலாம் தம்பி. தார்ப்பாய் போடாத லாரிக்கு பின்னாடி இனிமே ஒட்டிக்கிட்டு போகாத, அது மொத விஷயம்.

ஒரு ஏ4 பேப்பர் கிட்டத்தட்ட 100 மைக்ரான் கனம் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). கம்பெனி பெயின்ட் மொத்தமும், அடில பிரைமர், நடுவுல கலர், மேல கலரில்லாத கிளியர் கோட் எல்லாம் சேத்தே, அதவிட கொஞ்சம் கூட, அவ்ளோதான். அதுல கிளியர் மட்டும் 40, 50 மைக்ரான். ஒரு தலைமுடி கனம் கூட தேறாது. அதனால கல்லடி பட்ட எடத்த தேய்க்க கூடாது, நெரப்பணும்.

நெகத்தால தடவி பாரு, மாட்டுதுன்னா ஆழம். உள்ள சாம்பல் கலர் தெரிஞ்சா பிரைமரோட நின்னுருச்சு, பளபளன்னு இருந்தா தகடு வரைக்கும் போயிருச்சு. உன் டிடிக்கு ஒரு விசேஷம், அந்த மாடல்ல முன்பக்கம் பெரும்பாலும் அலுமினியம், பானட்டும் அதான். ஃப்ரிட்ஜ்ல ஒட்டுற காந்தத்த துணில சுத்தி வெச்சு பாரு, ஒட்டாது. துரு வராதேன்னு விட்டுறாத, அலுமினியம் வெள்ளையா பூத்து பக்கத்து பெயின்ட்டயும் தூக்கிடும். இதுக்கு துரு மாத்துற மருந்து வேண்டாம், அது இரும்புக்கு. எப்பாக்சி பிரைமர் போதும்.

காலைல பனி காஞ்சப்புறம் நெழல்ல ஆரம்பி. ஷாம்பூ போட்டு கழுவி, காயவெச்சு, ஐசோப்ரோபைல் ஸ்பிரிட் தொட்டு தொடச்சிடு, மெழுகு இருந்தா பெயின்ட் பிடிக்காது. ஓரத்துல தூக்கிட்டு நிக்கிற சில்ல பல்லு குத்துற குச்சியால எடுத்துடு. தகடு தெரியுற எடத்துல மட்டும் பிரைமர் ஒரு சொட்டு. கலர் கோடு ஸ்டிக்கர் டிக்கில ஸ்டெப்னி குழிக்குள்ள இருக்கும், இல்லன்னா சர்வீஸ் புக்ல. கண்ணால பாத்து "செவப்பு குடுங்க"ன்னு வாங்கிட்டு வராத, செவப்புல நூறு செவப்பு இருக்கு. அந்த கோடு சொல்லி வாங்குன பெயின்ட்ட குச்சி நுனில எடுத்து குழிக்குள்ள விடு, தடவாத. ஒரே தடவைல நெரப்புனா தின்னர் பறந்ததும் உள்ள வாங்கிடும், அதனால மெல்லிசா மூணு தடவ, நடுவுல ஒரு மணி நேரம் விட்டு. கடைசியா கிளியர், சுத்தியிருக்குற பெயின்ட்ட விட துளி மேடா நிக்கட்டும். அப்புறம் ஒரு வாரம் கை வைக்காத. அதுக்கப்புறம் 2000 நம்பர் வாட்டர் பேப்பர், பின்னாடி 3000 நம்பர், சோப்பு தண்ணி ஊத்தி அந்த மேட்ட மட்டும் தேச்சு, பளபளப்பு வர காம்பவுண்ட் பேஸ்ட் போடு. உத்து பாத்தா தெரியும், நாலடி தள்ளி நின்னா தெரியாது.

டூத்பேஸ்ட் போட்டா கீறல் போகுமாமே?

கீறல் போகாது, கிளியர் போகும்.

பாலக்கோடு. போர் தண்ணில கழுவுனா கறுப்பு கார்ல வெள்ளை வெள்ளையா திட்டு. நம்ம தண்ணில ஃப்ளோரைடு அதிகம், அதனாலயா?

ஃப்ளோரைடு உங்க பல்லுக்கு வில்லன், காருக்கு இல்ல. அந்த திட்டு கால்சியமும் மக்னீசியமும், பாத்திரத்துல படியுற உப்பு மாதிரிதான். வெள்ளை வினிகர்ல பாதிக்கு பாதி தண்ணி கலந்து, ஈரத்துணில ஒரு நிமிஷம் ஒத்தி எடுத்துட்டு நல்லா அலசிடுங்க. மாசக்கணக்குல வெயில்ல காஞ்சிருந்தா கிளியர அரிச்சிருக்கும், அப்ப பாலிஷ்தான். கழுவுறப்ப நெழல், வெயில்ல கழுவாதீங்க, கடைசி ஒரு பக்கெட் மட்டும் ஒகேனக்கல் தண்ணி. ஒரு பக்கெட்டுன்னுதான் சொன்னேன், குடிக்கிற தண்ணில முழு காரையும் கழுவிட்டு என் பேர சொல்லாதீங்க.

காவேரிப்பட்டணம் சார். மாந்தோப்புல கார் நிக்குது, பால் ஒழுகி கறை.

மாங்காய் மேலயே பால் பட்டா தோல் கருகுதுல்ல, பெயின்ட் என்ன பண்ணும். சுரண்டாதீங்க. ஸ்பிரிட் நனைச்ச துணிய ரெண்டு நிமிஷம் மேல போட்டு ஊறவெச்சு எடுங்க. வண்டிய தள்ளி நிறுத்துங்க.

நெயில் பாலிஷ், டூத்பேஸ்ட் எது பெஸ்ட்?

மேல படிங்க.

தர்மபுரி. வெள்ளை கார், ஆயுத பூஜைக்கு வெச்ச சந்தனம் குங்குமம் கறையா நிக்குது.

சந்தனம் காஞ்சா மண்ணு மாதிரி, அத காஞ்ச துணியால தொடைக்கிறதுதான் கீறல். தண்ணி ஊத்தி ஊறவெச்சு எடுங்க.

சாமிக்கு வெச்சத கறைங்கிறீங்க?

கேட்டவரே கறைன்னுதாங்க சொன்னாரு!

எங்க தாத்தா லாரிக்கு முப்பது வருஷம் வெச்சாரு, ஒண்ணும் ஆகல.

உங்க தாத்தா லாரில கிளியர் கோட் இருந்துருக்காதுங்க.

அப்ப பொட்டு வைக்க கூடாதா? நம்பர் பிளேட்ல வெச்சா சாமி ஒத்துக்குமா?

யோவ், சாமி ஒத்துக்குமான்னு எங்கிட்ட கேக்குறீங்க. நானே பட்டறைல ஸ்ப்ரே கன்னுக்கு பொட்டு வைக்கிறவன். வைங்க, மறுநாளே கழுவிடுங்க. குங்குமம்னா மஞ்சளும் சுண்ணாம்பும், மஞ்ச கறை பட்ட வேட்டில சோப்பு போட்டா செவக்குமே, அதே வேலதான். மஞ்ச கறை நின்னா ஸ்பிரிட்ல கரையும், மிச்சத்த வெயில்ல விட்டா தானா வெளுத்துடும். வெயில்ல விடுங்கன்னு நான் சொல்ற ஒரே எடம் இதான். கறுப்பு பிளாஸ்டிக் பம்பர்ல மட்டும் வைக்காதீங்க, உள்ள எறங்கிடும். கடைல வர்ற சாயக் குங்குமத்துக்கு நான் பொறுப்பில்ல.

செராமிக் கோட்டிங் போட்டா கல்லடி படாதாமே?

படும். அழுக்கு அவ்ளோவா ஒட்டாது, கழுவ சுலபம், அவ்ளோதான். கல்லுக்கு பிபிஎஃப், அந்த தடிமன் ஃபிலிம். முழு காருக்கும் ஒட்ட பணம் இல்லன்னா பானட், முன் பம்பர், சைடு கண்ணாடி ரெண்டோட கூடு, இதுக்கு மட்டும் ஒட்டுங்க.

ஸ்விஃப்ட் மைலேஜ் எவ்ளோ தருதுண்ணே?

மெக்கானிக்க கேளுங்க.

அண்ணா டூத்பேஸ்ட்

பல்லு வெளக்குங்க.

அண்ணே, டிடி தம்பிதான். காந்தம் வெச்சு பாத்தேன், ஒட்டல. மூணு எடத்துல பளபளன்னு இருக்கு. இன்னிக்கு ராத்திரியே பண்ணிரவா?

ராத்திரி பண்ணாத, மார்கழி பனி எறங்குது, ஈரம் அடியில மாட்டுனா பெயின்ட் பொங்கிரும். அந்த மூணு மேலயும் மாஸ்கிங் டேப் ஒட்டிட்டு தூங்கு. பிரைமர் வாங்கிட்டு அடுத்த ஞாயிறு காலைல, பனி காஞ்சப்புறம் நெழல்ல பண்ணு, போட்டோ அனுப்பு. நான் சாப்பிட போறேன்.