காய்ச்சலோடு வந்த வலிப்பு

கேள்வி: என் மகனுக்கு ஒன்றே முக்கால் வயது. சென்ற மாதம் ஓர் இரவு உடம்பு அனலாய்க் கொதித்தபோது, கண்கள் மேலே செருகி, கைகால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. மாமியார் கையில் இரும்புச் சாவியைக் கொடுத்தார். இரண்டு நிமிடத்தில் நின்றது. தலையை ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். இது வலிப்பு நோயா? மீண்டும் வருமா?
— ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: ஊரில் ஜன்னி என்று சொல்லப்படும் இதனை மருத்துவத்தில் காய்ச்சல் வலிப்பு என்கிறோம். 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 2 முதல் 5 பேருக்கு இது வருகிறது. உடல் முழுவதும் இழுத்து, 15 நிமிடத்துக்குள் அடங்கி, 24 மணி நேரத்தில் ஒரே முறை வந்து, பிறகு குழந்தை பழையபடி தெளிந்துவிட்டால், அது வலிப்பு நோய் அன்று, ஸ்கேனும், மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. பரிசோதனையும் தேவையில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு குழந்தைக்கு இன்னொரு காய்ச்சலின்போது திரும்ப வரலாம். காய்ச்சல் மருந்தை வேளை தவறாமல் கொடுத்தாலும் அதைத் தடுக்க முடிவதில்லை; ஆகவே உங்கள் கவனக்குறைவால் வந்ததாக எண்ணி நொந்துகொள்ளாதீர்கள்.

சாவியைத் தேடியெடுத்துக் கொடுப்பதற்குள் பெரும்பாலான வலிப்புகள் தாமாகவே அடங்கிவிடுவதால், சாவிதான் நிறுத்தியது என்ற நம்பிக்கை தலைமுறைகளாக நிலைத்துவிட்டது. கையில் வைத்த சாவியைவிட, பல்லிடுக்கில் செருகும் கரண்டியும் வாயில் ஊற்றும் தண்ணீருமே எனக்கு அச்சம் தருகின்றன. பல் உடைந்தும் புரையேறியும் வந்த குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். குழந்தையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் கடந்தால் 108ஐ அழையுங்கள். வலிப்பு நின்ற பின்னும் குழந்தை தெளியாமல் இருந்தாலோ, கழுத்து விறைத்தாலோ, ஒரே நாளில் மறுமுறை வந்தாலோ மூளைக்காய்ச்சலா என்று பார்க்க வேண்டும். உங்கள் பகுதியிலேயே உள்ள அரசு தலைமை மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்லுங்கள்.

வீட்டில் இன்னொருவர் இருந்தால், அவரைக் கைப்பேசியில் படம் பிடிக்கச் சொல்லுங்கள். வலிப்பை நாங்கள் நேரில் காண்பது அரிது. அந்த ஒரு நிமிடப் படம் பல வேளைகளில் ஸ்கேனைவிட எனக்கு உதவியிருக்கிறது. அடம்பிடித்து அழுது, மூச்சடக்கி, நீலம் பாரித்துத் துவண்டுபோகும் குழந்தையையும் வலிப்பு என்றே தூக்கி வருகிறார்கள். அதற்கு வேண்டியது வலிப்பு மாத்திரை அன்று, இரத்தசோகைப் பரிசோதனையும், குறை இருந்தால் இரும்புச்சத்து மருந்தும்தான்.

நீளும் வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடசோலம் மருந்தை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று அடுத்த முறை உங்கள் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். எழுதிக் கொடுத்தால், அளவையும் அடிக்கும் முறையையும் மாமியாரும் உடனிருந்து கற்றுக்கொள்ளட்டும்.